எலி பிடித்த கை

தமிழில் 'மவுசு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. கிராக்கி, மதிப்பு என்று அர்த்தம். "முன்னே மாதிரி இப்ப பட்டுப்புடவைக்கு மவுசு இல்லை" என்பார்களே, அதுதான். ஆனால் கம்ப்யூட்டர் மவுஸுக்கு அந்த மவுசு ஒருநாளும் இருந்ததில்லை. கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசஸர் என்ன, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்று நாலு பேரைக் கேட்டு, நாற்பது வீடியோ பார்த்து முடிவு செய்கிறவர்கள், மவுஸ் என்று வந்ததும் "ஏதாவது ஒண்ணு குடுங்கண்ணே" என்று சொல்லிவிடுவார்கள். நாள் முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கப்போவது பிராசஸரை அல்ல, அந்த 'ஏதாவது ஒண்ணை'த்தான்.

இது அப்படி ஒரு மவுஸை வைத்துக்கொண்டு கையைக் கெடுத்துக்கொண்ட ஒரு பி.காம். மாணவனின் கதை. மூன்றாம் வருஷம் படிக்கிறான். சென்னையில் தாம்பரம் பக்கம் வீடு. பெயர் எதற்கு, 'பையன்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

பையனுக்குக் காலையில் கல்லூரி, மாலையில் வேலை. தெரிந்த ஆடிட்டர் ஒருவர் மூன்று கடைகளின் பில்களை அனுப்புவார். ஒரு அரிசி மண்டி, ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு மருந்துக்கடை. அதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே டேலியில் ஏற்ற வேண்டும். ஜி.எஸ்.டி. வந்த பிறகு கணக்கு எழுதுகிறவர்களின் கழுத்தைப் பிடிக்கும் தேதிகள் இரண்டு. விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். வரி கட்டும் 3பி 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். இந்தத் தேதிகளுக்கு முந்தைய இரவுகளில் பையன் தூங்கியதாக வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இதற்கு மாதம் 6000 ரூபாய். காலேஜ் ஃபீஸ், டிரெயின் பாஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் அதில்தான் ஓடிக்கொண்டு இருந்தது.

கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்ட். அதோடு இனாமாக வந்தது ஒரு கறுப்பு மவுஸ். புதிதாக இருந்தபோது 250 ரூபாய் இருந்திருக்கும். அதற்கு ஒருநாள் கிறுக்குப் பிடித்தது. ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அமுக்கியதாக எடுத்துக்கொள்ளும். ஒரு ஃபைலைப் பிடித்து இழுத்தால் பாதி வழியில் கீழே போட்டுவிடும்.

இது ரொம்பப் பேருக்கு வந்திருக்கும். மவுஸின் பட்டனுக்குக் கீழே மைக்ரோ ஸ்விட்ச் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று. அமுக்கும்போது அது கீழே போய் இன்னொரு முனையைத் தொடும், 'டிக்' என்று சத்தம் வரும். லட்சக்கணக்கான தடவை தொட்டுத் தொட்டு முனை தேய்ந்து, கறுத்து, தகடும் தளர்ந்துபோனால், ஒரு அமுக்கலுக்கே தகடு துள்ளி இரண்டு மூன்று தடவை தொடும். கம்ப்யூட்டர் பாவம், அதை இரண்டு கிளிக் என்று நம்பிவிடும்.

கிளிக் பிரச்சினையோடு பையனுக்கு இன்னொன்றும் வந்தது. வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக ஒரு வலி. முதலில் இரவில் மட்டும். பிறகு காலையில் பல் துலக்கும்போது. பிறகு முன்கை, தோள்பட்டை வரைக்கும் ஏறியது. அவன் மருந்துக்கடை பில்லை ஏற்றிக்கொண்டே அந்த மருந்துக்கடையின் ஸ்பிரேயை வாங்கி அடித்துக்கொண்டான். வலிக்குக் காரணம் அந்த ஓட்டை மவுஸ்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஒரே கிளிக்கை மூன்று தடவை செய்தால் கை வலிக்காதா?

கிளாஸ்மேட் ஒருவனும் அதையே சொன்னான். "மச்சி, நீ யூஸ் பண்றது மவுஸே இல்லடா. கேமிங் மவுஸ் ஒண்ணு வாங்கு. சும்மா வெண்ணெய் மாதிரி போகும்."

சம்பளம் வந்த சனிக்கிழமை பையன் ரிச்சி தெருவுக்குப் போனான். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ரிச்சி தெருவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அண்ணா சாலையை ஒட்டிய சந்து. எலெக்ட்ரானிக்ஸ் என்ற பெயரில் உலகத்தில் எது விற்றாலும் அங்கே ஒரு கடை இருக்கும். பக்கத்து நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்துத்தான் எல்லோரும் ரிச்சி தெரு என்கிறார்கள். கேபிள் மூட்டைகள், சர்க்யூட் போர்டு, ஒரு ஆள் தலைமேல் தூக்கிக்கொண்டு போகும் மானிட்டர் பெட்டி, நடுவே டீக்கடை. அவ்வளவு நெரிசலிலும் ஒரு பைக் உள்ளே வந்து ஹார்ன் அடிக்கும்.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்விதான். "தம்பி, கேமிங்கா, ஆபீஸ் யூஸா?"

பையன் "ஆபீஸ் யூஸ்தான், ஆனா கேமிங் மவுஸ் வேணும்ணே" என்றான். கடைக்காரர் ஒரு விநாடி அவனைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, மறுபேச்சு பேசாமல் ஆறு பெட்டிகளை எடுத்துப் போட்டார்.

பெட்டிகள் எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் டி.பி.ஐ. என்று ஒரு எண் போட்டிருந்தது. 3200, 6400, 16000. இந்த எண்தான் இன்றைக்கு மவுஸ் விற்கிறது. அது என்ன என்று பார்த்துவிடலாம்.

இப்போதைய மவுஸின் வயிற்றில் ஒரு குட்டி விளக்கும் ஒரு குட்டிக் கேமராவும் இருக்கின்றன. விளக்கு மேசையின் மேல் வெளிச்சம் போடும். கேமரா விநாடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன வித்தியாசம், மேசையின் சொரசொரப்பு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று உள்ளே இருக்கும் சில்லு கணக்குப் போட்டு அம்புக்குறியை நகர்த்தும். அதனால்தான் வெறும் கண்ணாடி மேல் சாதாரண மவுஸ் வேலை செய்யாது. படம் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கண்ணாடி மேசை வைத்திருப்பவர்கள் ஒரு நோட்டு அட்டையைக் கீழே வைத்தாலே போதும், பிரச்சினை தீர்ந்தது.

மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை புள்ளி எண்ணும் என்பதுதான் டி.பி.ஐ. சாதாரண மவுஸுக்கு அது 1000. இன்றைய ஃபுல் ஹெச்.டி. மானிட்டரின் அகலம் 1920 புள்ளி. அதாவது 1000 டி.பி.ஐ. மவுஸ் இரண்டு அங்குலம்கூட நகர வேண்டாம், அம்புக்குறி திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். 16000 என்றால் 3 மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். மூச்சு விட்டால் அம்புக்குறி காணாமல் போகும். கணக்கு எழுதுகிறவனுக்கு அது எதற்கு? கேமிங் மவுஸ் வைத்திருப்பவர்களிலும் ரொம்பப் பேர் அதை 800, 1600 என்று குறைத்து வைத்துக்கொண்டுதான் விளையாடுகிறார்கள்.

பெட்டியில் இருந்த இன்னொரு எண் 'பட்டன் ஆயுள் 1 கோடி கிளிக்'. பி.காம். படிக்கிறவன் இதையாவது கணக்குப் போட்டிருக்கலாம். நாளைக்கு 4000 கிளிக் என்று வைத்தால் 1 கோடி கிளிக் தீர 2500 நாள். வருஷத்துக்கு 300 வேலை நாள் என்றால் எட்டு வருஷத்துக்கும் மேல். அதற்குள் கேபிள் முனை பிய்ந்துபோகும், அல்லது மேசையிலிருந்து பத்து தடவை கீழே விழுந்திருக்கும். 5 கோடி கிளிக் என்று போட்டதற்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பது, இரண்டு வருஷ கோர்ஸுக்குப் பத்து வருஷ ஃபீஸ் கட்டுவது மாதிரி.

பையன் இதொன்றும் பார்க்கவில்லை. ஏழு கலரில் விளக்கு எரிந்த ஒன்றைப் பிடித்துப் பார்த்தான். கட்டைவிரல் உட்கார ஒரு பள்ளம், சுண்டுவிரலுக்கு ஒரு விளிம்பு. வலது கைக்கென்றே வார்த்த மாதிரி இருந்தது. விலை 1900 ரூபாய். கூடவே மணிக்கட்டு வைக்க ஜெல் திண்டு வைத்த மவுஸ் பேட், 350 ரூபாய்.

"பில் வேணும்னா ஜி.எஸ்.டி. தனியா ஆகும் தம்பி" என்றார் கடைக்காரர். அந்த இடத்தில் மட்டும் பையனுக்குப் படிப்பு வேலை செய்தது. "பெட்டியில போட்டிருக்கிற எம்.ஆர்.பி.யே எல்லா வரியும் சேர்ந்ததுதானேண்ணே, நீங்க குறைச்சுக் குடுக்கிற விலையில 18 சதவீதம் உள்ளேயே இருக்கும்ல" என்றான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பில் போட்டுக் கொடுத்தார். சின்ன விஷயந்தான், ஆனால் பில் இல்லாவிட்டால் வாரண்டி என்று போய் நிற்க முடியாது. அந்தச் சாமர்த்தியத்தில் பாதியை மவுஸைத் தேர்ந்தெடுப்பதில் காட்டியிருக்கலாம்.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். ஒரு கிளிக் என்றால் ஒரு கிளிக். மூன்றாம் நாள் வலி திரும்பி வந்தது. இரண்டாவது வாரம் முன்பைவிட மோசம். ஜெல் திண்டில் மணிக்கட்டை அழுத்தி வைத்தால் இப்போது விரல் நுனிகளில் மதமதப்பு வேறு.

செமஸ்டர் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. பி.காம். பரீட்சை என்றால் மூன்று மணி நேரம், எல்லாம் கையால்தான் எழுத வேண்டும். கம்பெனி அக்கவுண்ட்ஸ் பேப்பரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டி, பேலன்ஸ் ஷீட் எழுத வேண்டும். பையன் பழகிப் பார்க்க ஒரு கணக்கு எழுதினான். இருபதாவது நிமிஷம் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. வேலையை விட்டால் ஃபீஸ் கட்ட முடியாது. விடாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

மறுநாள் டாக்டரிடம் போனான். எலும்பில் ஒன்றும் இல்லை, தசைநாணில் வீக்கம் என்றார். மதமதப்பு என்று சொன்னதும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டின் உட்புறம் ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அதற்குள்தான் நெருக்கிக்கொண்டு போகின்றன. அங்கே வெளியிலிருந்தும் அழுத்தினால் நரம்பு மதமதக்கத்தான் செய்யும். அதனால் ஜெல் திண்டை உடனே எடுக்கச் சொன்னார். மாத்திரை ஐந்து நாளைக்கு. "மாத்திரை வீக்கத்தைக் குறைக்கும். ஆனா எதனால வந்ததோ அதை மாத்தலைன்னா திரும்ப வரும்பா" என்றார். எதனால் வந்தது என்று அவர் வீட்டுக்கு வந்து பார்க்க முடியாது அல்லவா.

பார்த்தது அம்மா.

பையனின் அம்மா கல்யாணத்துக்கு முன்னாலேயே டைப்ரைட்டிங் இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவர். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை அடிக்க வேண்டும். அதை நம்பி ஒரு கோர்ட்டு வாசலில் ஜாப் டைப்பிங் கடையில் பல வருஷம் வேலை பார்த்தார். மனு, பத்திரம், வாடகை ஒப்பந்தம். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும் அதே ஸ்டூலில்தான் இருந்தார். அப்போது மவுஸின் வயிற்றில் ரப்பர் உருண்டை இருந்த காலம். வெள்ளிக்கிழமை கடையைக் கூட்டித் துடைக்கும்போது, எலியையும் மல்லாக்கப் போட்டு, மூடியைத் திருகி, உருண்டையை எடுத்துத் துடைத்து, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டி எடுப்பாராம். இப்போது வீட்டோடு இருக்கிறார். பையன் அம்மாவை இந்த விஷயத்தில் கேட்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. யூ டியூபில் ரிவ்யூ போடுகிறவர்களுக்குத் தெரியாததா அம்மாவுக்குத் தெரிந்துவிடும்?

அன்று காபி கொண்டுவந்த அம்மா டம்ளரை வைக்க இடம் தேடினார். மேசை நிறையப் பொருள். நடுவில் கீபோர்டு, அதற்கு வலதுபக்கம் கோடியில் மவுஸ், அதற்கும் அந்தப் பக்கம் பில் கட்டு. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஏண்டா, வலது கைய மட்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கே?"

"சும்மா இரும்மா, வலில இருக்கேன்."

"அதான் கேக்கறேன். நாங்க எட்டு மணி நேரம் தட்டுவோம். எனக்கு ஏன் வலிக்கல? கீழ உக்காந்து மேல தட்டறியே, தோள் என்னத்துக்காகும்? இன்ஸ்டிடியூட்ல மேசை இவ்ளோ உசரமா இருந்தா மாஸ்டர் உள்ளயே விடமாட்டார்."

பையன் முதலில் எரிச்சல்தான் பட்டான். பிறகு டேப் எடுத்து அளந்தான். மேசை 30 அங்குலம். அது சாதாரண மேசை உயரம்தான், எழுதுவதற்கு என்று செய்வது. டைப்ரைட்டர் வைக்கிற மேசைகள் அதைவிட மூன்று நாலு அங்குலம் தாழ்வாக இருக்கும். அவன் உட்கார்ந்தது 16 அங்குல பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு மடக்கினால், முழங்கை மேசைக்கு நாலு அங்குலம் கீழே இருந்தது. அதாவது மாதக்கணக்கில் தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்திருக்கிறான்.

பிறகு கீபோர்டை அளந்தான். விஷயம் அங்கேதான் இருந்தது.

முழு கீபோர்டு கிட்டத்தட்ட 44 செ.மீ. நீளம். ஆனால் எழுத்துகள் அதன் நடுவில் இல்லை, இடதுபக்கம் இருக்கின்றன. என்டர் கீ முடிந்த பிறகு அம்புக்குறி கீகள், அதற்குப் பிறகு எண்களுக்கான நம்பர் பேட். இரண்டும் சேர்ந்து 15 செ.மீ. உடம்பு எழுத்துகளுக்கு நேராக உட்காரும். மவுஸ் அந்த 15 செ.மீ. தாண்டித்தான் உட்கார முடியும். பில் ஏற்றும்போது கை ஓயாமல் எழுத்திலிருந்து நம்பர் பேட், நம்பர் பேடிலிருந்து மவுஸ், மறுபடி நம்பர் பேட் என்று வெளியே போய்ப் போய் வந்துகொண்டு இருந்தது. எழுத்து, எண், மவுஸ் மூன்றுக்கும் வலது கை. இடது கை சும்மா இருந்தது.

"எண்ணுக்கு ஒரு கை, எலிக்கு ஒரு கைன்னு பிரிச்சுக் குடேன்" என்றார் அம்மா. கோர்ட்டு வாசலில் பக்கத்து ஸ்டூலில் இருந்த ஒருவர் இடது கையில்தான் மவுஸ் பிடிப்பாராம். கீபோர்டின் இடதுபக்கம் கூடுதல் கீ எதுவும் இல்லை. மவுஸை அங்கே வைத்தால் அது உடம்பை ஒட்டியே இருக்கும். வலது கை நம்பர் பேடை விட்டு நகர வேண்டியதே இல்லை.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட்டும் அவருடைய சகா பில் இங்கிலிஷும் 1964-ல் முதல் மவுஸை மரக்கட்டையில் செய்தார்கள். கீழே இரண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பட்டன். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதைக் கூட்டத்துக்கு முன்னால் இயக்கிக் காட்டியபோது நடுவில் கீபோர்டு, வலது கையில் மவுஸ், இடது கைக்கு ஐந்து கட்டைகள் வைத்த இன்னொரு சின்னப் பெட்டி. இரண்டு கைக்கும் வேலை பிரித்துக் கொடுத்துத்தான் அவர் ஆரம்பித்தார். பிறகு மவுஸ் நிலைத்தது, இடது கைப் பெட்டி காணாமல் போனது. (அந்த மவுஸின் காப்புரிமை 1970-ல் கிடைத்து 1987-ல் காலாவதியானது. மவுஸ் வீட்டுக்கு வீடு நுழைந்தது அதற்குப் பிறகுதான். கண்டுபிடித்தவருக்கு ராயல்டியாக ஒன்றும் வரவில்லை. காமர்ஸ் மாணவர்கள் கண்ணீர் விடலாம்.)

சரி, மவுஸை இடதுபக்கம் மாற்றியாகிவிட்டது. பட்டன்களை மாற்றுவதும் சுலபம், விண்டோஸ் செட்டிங்ஸில் ஒரு இடத்தில் சொன்னால் போதும். ஆனால் 1900 ரூபாய் மவுஸ்? அது வலது கைக்கென்றே வார்த்தது. கட்டைவிரல் பள்ளம் இடது கையில் சுண்டுவிரலுக்கு வந்து நின்றது. பிடிக்கவே முடியவில்லை. தூக்கிப் போட்ட 250 ரூபாய்க் கறுப்பு மவுஸோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. எந்தக் கையிலும் உட்கார்ந்தது. என்ன, அதற்குத்தான் கிறுக்குப் பிடித்திருக்கிறதே.

பையன் இரண்டு நாள் வலது கையிலேயே அந்தப் புது மவுஸைப் பிடித்துப் பார்த்தான். 1900 ரூபாய் போட்டாகிவிட்டதே என்று. அக்கவுண்டன்சி புத்தகத்தில் இதற்கு ஒரு பாடமே இருக்கிறது. மூழ்கிய செலவு. போன பணம் போனதுதான், இனிமேல் என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கிய பையன், சொந்தக் கையில் வரும்போது இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் தங்கச்சியிடம் விளக்கு எரியும் மவுஸைக் கொடுத்துவிட்டு, தெருமுனைக் கடையில் இரண்டு கைக்கும் பொருந்துகிற சாதாரண மவுஸ் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினான். 1000 டி.பி.ஐ., வயர் வைத்தது, மூன்று வருஷ வாரண்டி. மாதத்துக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை.

வயர் இல்லாத மவுஸை அவன் யோசிக்காமல் இல்லை. அவன் சி.பி.யு. மேசைக்குக் கீழே இருந்தது. வயர் இல்லாத மவுஸின் குட்டி ரிசீவரை அதன் பின்பக்கம் செருகினால், நடுவில் தகரப் பெட்டி, மரப்பலகை எல்லாம் குறுக்கே நிற்கும். போதாததற்கு நீலக் கலர் யு.எஸ்.பி. 3.0 துளைகளும் கேபிள்களும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் போடும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. இந்த மவுஸ்களும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கிப் போகிறது என்று புது மவுஸ் வாங்கப் போகிறவர்கள், முதலில் ஒரு யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி ரிசீவரை மேசை மேல் கொண்டுவந்து பார்க்கலாம். நூறு ரூபாயில் தீரும் வியாதிக்கு ஆயிரம் ரூபாய் ஆபரேஷன் வேண்டாம்.

கைகுலுக்குவது மாதிரி நிமிர்த்திப் பிடிக்கும் வெர்டிகல் மவுஸும், மவுஸ் நகராமல் உருண்டையை மட்டும் விரலால் உருட்டும் டிராக்பாலும்கூட இருக்கின்றன. முன்கை முறுக்கிக்கொள்வதால் வலி என்றால் முதலாவது உதவும். கை நீட்ட இடமே இல்லை என்றால் இரண்டாவது. ஆனால் பையனுக்கு வலி கட்டைவிரல் பக்கம். கட்டைவிரலால் உருட்டும் டிராக்பால் வாங்கியிருந்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதை ஆகியிருக்கும். எது நல்ல மவுஸ் என்று கேட்பதைவிட, எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

மற்ற மாற்றங்களுக்குச் செலவே இல்லை. நாற்காலியில் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தை ஏற்றினான். கால் தொங்கியது. பழைய நோட்டுக் கட்டைக் கட்டிக் காலுக்குக் கீழே வைத்தான். முழங்கையும் மேசையும் இப்போது ஒரே மட்டம். நாற்காலி உயர்ந்ததும் மானிட்டர் தாழ்ந்துபோனது. அதற்குக் கீழே இரண்டு கைடுகள். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக, அல்லது ஒரு துளி கீழே வந்தால் போதும். திரை ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும். இதற்கென்று ஸ்டாண்டு விற்கிறார்கள். கைடு வாங்கிப் படிக்காதவர்கள் வீட்டில் அதற்குத் தேவை இல்லை :)

இடது கை மவுஸ் பழகுவதற்குப் பத்து நாள் ஆனது. முதல் நாள் அம்புக்குறி கள் குடித்த மாதிரி அலைந்தது. அந்த எரிச்சலில் ஒரு நன்மை. மவுஸைத் தொடாமலே என்னென்ன செய்யலாம் என்று பையன் தேட ஆரம்பித்தான். டேலி அடிப்படையில் கீபோர்டுக்காகவே செய்த மென்பொருள். எஃப்8 அடித்தால் விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 பணம் வந்தது. பில் எழுதி முடித்ததும் கன்ட்ரோல்+ஏ அடித்தால் சேமித்துவிடும். எக்செல்லில் ஆல்ட்+சமக்குறி அடித்தால் கூட்டுத்தொகை வந்து நிற்கும், கன்ட்ரோல்+அரைப்புள்ளி அடித்தால் இன்றைய தேதி. விண்டோஸில் இங்கிலீஷ் (இந்தியா) கீபோர்டு தேர்ந்தெடுத்திருந்தால், வலதுபக்க ஆல்ட் கீயோடு 4 அடித்தால் ரூபாய்க் குறியீடே வந்துவிடும். 2010-ல் அறிவித்த அந்தக் குறியீட்டை அதுவரை அவன் வேறு பில்லிலிருந்து காப்பி அடித்து ஒட்டிக்கொண்டு இருந்தான்! பாதிக்குப் பாதி கிளிக் குறைந்தது. வேலையும் சீக்கிரம் முடிந்தது.

இதிலிருந்து கீபோர்டு வாங்குவதற்கும் ஒரு பாடம் உண்டு. கணக்கு வேலை செய்கிறவர்கள் நம்பர் பேட் இல்லாத குட்டி கீபோர்டு அழகாக இருக்கிறது என்று வாங்கினால், இரண்டாம் நாளே மேல்வரிசை எண்களைத் தேடி அழுவார்கள். எண் அதிகம் அடிக்காமல் எழுத்து மட்டும் அடிக்கிறவர்கள் முழு கீபோர்டு வாங்கினால், பயன்படாத நம்பர் பேடுக்காக வலது கையை வெளியே தள்ளுகிறார்கள். இரண்டும் வேண்டும் என்றால் தனி நம்பர் பேட் கிடைக்கிறது, வேண்டும்போது செருகிக்கொள்ளலாம். 'டக் டக்' என்று சத்தம் போடும் மெக்கானிக்கல் கீபோர்டு விரலுக்குச் சுகம்தான். ஆனால் ராத்திரி ஒரு மணிக்குப் பக்கத்து அறையில் தூங்குகிறவர்களையும் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

பையனின் கணக்கைக் கடைசியாகப் பார்த்துவிடலாம். தவறாக வாங்கியது 1900 + 350 = 2250 ரூபாய். சரியாக வாங்கியது 350 ரூபாய். தலையணை, நோட்டுக் கட்டு, கைடு எல்லாம் வீட்டில் இருந்தவை. அம்மாவின் ஆலோசனைக் கட்டணம், ஒரு டம்ளர் காபி. அதையும் குடித்தது அவன்தான்.

நல்ல மவுஸ் என்று தனியாக ஒன்று இல்லை. மேசை என்ன உயரம், கை எவ்வளவு தூரம் போகிறது, நாள் முழுக்க அடிப்பது எழுத்தா எண்ணா, இதையெல்லாம் பார்த்த பிறகு மிஞ்சுகிற இடத்தில் எது சரியாக உட்காருகிறதோ அதுதான் நல்ல மவுஸ். கடைக்குப் போகும் முன் ஒரு டேப் எடுத்து வீட்டு மேசையை அளந்துவிட்டுப் போகலாம். முடிந்தால், தன்னை ஒருவர் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்படி உட்கார்ந்து அரைமணி வேலை செய்து காட்டலாம். நாம் எப்படி உட்காருகிறோம் என்பது நமக்கு மட்டும் தெரிவதில்லை. மதமதப்பும் வலியும் பத்து நாளைக்கு மேல் இருந்தால் மவுஸ் கடைக்குப் போகாமல் முதலில் டாக்டரிடம் போக வேண்டும்.

பரீட்சை அன்று காலையில் பையன் மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு போனான். வலி முழுசாகப் போயிருக்கவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பேனாவை வைத்துவிட்டு, கையை மேசைக்குக் கீழே தொங்கவிட்டு, விரல்களை உதறிக்கொண்டான். அதுவும் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் இன்ஸ்டிடியூட் மாஸ்டர் அப்படி உதறச் சொல்வாராம். பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் சமமாக வந்தபோது மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் 11-ஆம் தேதிக்கு நாலே நாள். அரிசி மண்டி பில் கட்டு மேசை மேல் காத்துக்கொண்டு இருந்தது. இந்தத் தடவை இடதுபக்கம்.